காசிராஜன் கடையில் கிடந்த மெயில்

"மெயிலு எங்கதாம்மா போயிருக்கும்?"

பிரவீணா இதைக் கேட்பது ஒன்பதாவது தடவை. அம்மா முனீஸ்வரியோ செல்போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

விருதுநகரில் நடக்கும் வான்நோக்கு முகாமில் பிரவீணாவுக்கு இடம் கிடைத்திருந்தது. தொலைநோக்கியில் சனிக்கோளின் வளையத்தைக் காட்டுவார்களாம், சும்மாவா! போன மாதம் பந்தல்குடி கடைத்தெருவில் காசிராஜனின் கம்ப்யூட்டர் கடையில்தான் அதற்குப் பதிவு செய்தார்கள்.

நேற்று அம்மாவுக்குப் புதுப் போன் வந்தது. சொந்த மெயில் முகவரியும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் முகாம் கணக்கில் இருந்த பழைய முகவரியை மாற்றினார். 'மெயில் அனுப்பியுள்ளோம், திறந்து உறுதி செய்யுங்கள்' என்றது திரை. மெயில்தான் வரவில்லை. இன்று ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

"டவரு கெடைக்கல புள்ள."

"சித்தப்பா அனுப்புன போட்டோ மட்டும் வருதே?"

அம்மா நடப்பதை நிறுத்தினார். அது நியாயமான கேள்விதான். ஸ்பேம் பெட்டியையும் பார்த்தாயிற்று. முகவரியில் எழுத்துப் பிழையும் இல்லை.

பிரவீணாவுக்கு எம்.ரெட்டியபட்டிப் பள்ளி ஞாபகம் வந்தது. போன வருஷம் அங்கிருந்து இந்த ஊருக்கு மாறி வந்தபோது, பழைய பள்ளியில் டி.சி. வாங்கி வந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள்.

"அம்மா, பழைய முகவரி யாரோடது?"

"காசிராஜன் அண்ணன் கடையோடது. மெயிலு இல்லாதவுகளுக்கெல்லாம் அதத்தான போட்டு விடுவாக."

"அப்ப அவுக கிட்ட கேக்காம எப்பிடி மாத்துவாங்க? நம்ம டி.சி. அங்கதாம்மா கெடக்கும்!"

இருவரும் ஓடினார்கள். கடைக் கடிகாரத்தில் நாலே முக்கால். விஷயத்தைக் கேட்ட காசிராஜன் மெயிலைத் திறந்து தலையைச் சொறிந்தார். படிக்காத மெயில்கள் மட்டும் ஆயிரத்து எண்ணூறு.

"ஊரு பூரா இதுக்குள்ளதான இருக்கு, பாப்பா. எங்கிட்டுப் போயித் தேட?"

"என் பேரப் போட்டுத் தேடுங்க மாமா."

இருந்தது! 'முகவரியை மாற்றக் கேட்டது நீங்கள்தானா?' காசிராஜன் 'ஆம்' என்பதை அழுத்தினார். அடுத்த நொடியே அம்மாவின் கையில் போன் சிணுங்கியது. அம்மா மெயிலைத் திறந்து உறுதி செய்தார். இடம் பிரவீணாவுக்கேதான்! பிரவீணா குதித்த குதியில் ஸ்டூல் உருண்டது.

அதை நிமிர்த்திவிட்டுத் திரையை மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"மாமா, இதுல மிச்சம் இருக்கதெல்லாம் யாருக்கு வந்தது?"

காசிராஜன் மேலே இருந்ததைப் படித்தார். முகம் மாறியது.

"ஐயையோ! நம்ம மாரிக்கனிக்கு நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. நாளைக்குக் காலையில! தெனமும் வந்து கேட்டுட்டுப் போகுமே அந்தப் புள்ள..."

அவர் போனைத் தேடி எடுப்பதற்குள் பிரவீணா தெருவில் இருந்தாள்.

"ஏ புள்ள, எங்க ஓடுற?"

"மாரிக்கனி அக்கா வீட்டுக்கும்மா! அவுக டி.சி.யும் வந்துருச்சு!"

மாரிக்கனி வீடு மூன்று தெரு தள்ளி. பிரவீணா அதை ஒரே மூச்சில் ஓடினாள்.