மூன்றாவது கட்டத்தில் ஒரு பெயர்

நோட்டைக் காணோம்...

எண்பத்திரண்டாம் வருஷத்து ஆவணி மழை. டுடோரியல் முடிந்து திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் ஒதுங்கி நின்ற சந்திரகலா பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடினாள். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்ட ஆங்கிலத்தை அக்டோபரில் மறுபடி எழுதப் போகிறாள். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் மூன்று கட்டம்: வார்த்தை, அர்த்தம், சொந்த வாக்கியம். பொய்யாக ஒரு வாக்கியம் ஜோடிக்கத் தெரியாதவள், உண்மையையே எழுதித் தொலைத்திருந்தாள். ரெஃப்யூஸ்... மறுப்பது... 'ஐ ரெஃப்யூஸ் சகாதேவன்.'

சகாதேவன், அப்பா பார்த்திருக்கும் வேங்கிக்கால் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்.

"இது உங்களோடதுங்களா?"

சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து நீட்டினான் ஒருவன். ஆள் தொப்பலாக நனைந்திருந்தான். நோட்டில் ஒரு சொட்டு இல்லை. சிரிக்கிற கண்கள்...

"டீக்கடை பெஞ்சில கெடந்துச்சு. யாருங்க அந்த சகாதேவன், பாவம்?"

அவளுக்குச் சுருக்கென்றது. "அடுத்தவங்க நோட்டைப் படிக்கறது இன்னா பழக்கம்?"

"பேரு தேடினேங்க... கண்ணு அங்கயே நின்னுடுச்சு."

கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்த மனுஷனை அவள் பார்த்ததுகூட இல்லை. நிச்சயம் ஆகிவிட்டால் படிப்புக்கு முழுக்கு என்று அப்பா சொல்லிவிட்டார், அவ்வளவுதான். கேட்கக் கேட்க அவன் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்துபோனது. நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை. அடி அண்ணாமலை கிராமத்தில் அவள் வீடு. காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அதே கண்கள்... டம்ளர்கள் கடகடத்தன. இவர் வாயைத் திறந்தால் போதும், அப்பா நோட்டை அடுப்பில் போட்டுவிடுவார்.

பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டார் அப்பா.

சகாதேவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குப் புடிச்சிருக்குங்க. ஆனா அவங்க பரீட்சை எழுதட்டும். அப்புறமா அவங்களைக் கேளுங்க. வேணாம்னு சொன்னா நான் தப்பா நெனைக்கமாட்டேன்."

அவன் அம்மாவின் முகம் கடுகடுத்தது. அப்பா தலையைச் சொறிந்தார். மாப்பிள்ளையே சொன்ன பிறகு அவர் என்ன செய்ய? சரியென்றார்.

சந்திரகலா உள்ளே ஓடினாள். பென்சிலை எடுத்து எதையோ எழுதினாள். திரும்பி வந்து நோட்டை அவன் முன் நீட்டினாள்.

"இன்னாம்மா அது?" என்றார் அப்பா.

"பாடம்ப்பா. ஆபீஸ்ல வேலை செய்யறவரு... தப்பிருந்தா திருத்துவாருன்னு..."

அந்தக் கூடத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ரெஃப்யூஸுக்கு எதிரே அவன் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு புது வார்த்தை. வெயிட்... காத்திருப்பது... 'ப்ளீஸ் வெயிட். ஐ லைக் சகாதேவன்.'

அந்த ஒரு வரியை அவன் வெகுநேரம் படித்தான். பொறுமையிழந்த அப்பா, தப்பு ஜாஸ்தியா என்று விசாரித்தார்.

"ஒண்ணுகூட இல்ல, மாமா" என்றான் சகாதேவன், நோட்டை மூட மனமில்லாமல்.