புஷ்பஜாவுக்குப் போட்ட இலை

பய்யன்னூர் தாண்டி ஜீப் அந்த வீட்டு முற்றத்தில் நின்றபோது மணி பதினொன்று. கர்க்கடக மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. பகல் என்று சொன்னால்தான் பகல். வீட்டுக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள்.

"இறங்குங்க சேச்சி" என்றேன்.

புஷ்பஜா இறங்கவில்லை. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டையே பார்த்தாள்.

"ஓட்டு வீடா இருந்துச்சு சிஸ்டரே. இப்ப கான்கிரீட் போட்டிருக்காங்க."

"பின்னே, இருபத்திமூணு வருஷமா நீங்க வருவீங்கன்னு ஒழுகுற ஓட்டுக்குக் கீழேயே உக்காந்திருப்பாங்களா?"

சிரித்தாள். பிறகு, காலையிலிருந்து நாலாவது முறையாக, அதே கேள்வியைக் கேட்டாள். "நல்லபடியா எழுதுவீங்கல்ல?"

நான் விலாசினி. மனநல ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் பத்தொன்பது வருஷ நர்ஸ். நான் வேலைக்குச் சேரும்போதே புஷ்பஜா அங்கே இருந்தாள். ஒரு காலத்தில் அவள் காதில் யார் யாரோ பேசினார்கள். மாத்திரையில் அதெல்லாம் அடங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வார்டு சமையலில் உப்புப் பார்ப்பது அவள்தான், எனக்குத் தலைவலி வந்தால் சுக்குக்காப்பி போட்டுத் தருவதும் அவள்தான். கூட்டிப்போக ஆள் வரவில்லை, அவ்வளவுதான் அவளுடைய நோய்.

புதுச் சட்டம் வந்தது. குணமானவர்களை, அழைத்துப்போக ஆள் இல்லை என்பதற்காக அடைத்துவைக்கக் கூடாது என்றார்கள். மறுஆய்வு வாரியம் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தது. வீட்டில் கொண்டுபோய் விடு, ஒரு நாள் அவள் கூடவே இரு, எப்படி இருக்கிறாள் என்று எழுது. நன்றாக இருந்தால் அங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் பழையபடி வார்டு. அவளுடைய மிச்ச ஆயுசு என் கைப்பையில், நாலாக மடித்துக் கிடந்தது.

ஜீப் அன்றைக்குத்தான் கிடைத்தது. என்ன நாள் என்று நான் யோசிக்கவே இல்லை. மலபாரில் பிறந்துவிட்டுக் கர்க்கடக வாவை, அந்த ஆடி அமாவாசையை, மறந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணன் உத்தமன் குளித்த ஈரத்தலையோடு வெளியே வந்தான். தங்கையைப் பார்த்ததும் கிட்டே வரவில்லை. முதலில் அவள் கால்களைப் பார்த்தான். மண்ணில் பதிந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தான்.

அவன் மனைவி ஷோபனா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மீன் குழம்பும் கோழி வறுவலும் மணத்தன. மூலையில் ஒரு குப்பி கள்.

"இன்னிக்கா கூட்டிட்டு வரணும்? வேற நாளே கிடைக்கலையா சிஸ்டரே?"

"செத்தவங்களுக்கு இத்தனை சமைச்சிருக்கீங்க, உயிரோட இருக்கறவளுக்கு ஒரு இலை கூடப் போட்டா குறைஞ்சா போகும்?"

"போட்டாச்சு" என்றாள் ஷோபனா. "உள்ள. அவ பேர்ல."

வாவு அன்று எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்கு உள்ளறையில் சோறு வைப்போம். ஆளுக்கு ஓர் இலை, அவரவருக்குப் பிடித்தது. வைத்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருக்க வேண்டும். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போனபிறகு கதவைத் தட்டித் திறந்து, அந்தச் சோற்றை நாம் சாப்பிடுவோம். இலையில் எதுவும் குறையாது. குறையும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஷோபனா அடுப்பைத் தணித்தாள். "இவருக்கு இன்னொரு தங்கச்சி இருந்தா. அவளுக்கு மாப்பிள்ளை அமையவே இல்ல. அக்கா பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருக்கான்னு கேட்டதும் வந்தவனெல்லாம் திரும்பிப் போனான். அதனால அக்கா செத்துட்டான்னு சொன்னோம். சொன்னா போதுமா? ஊரு பாக்குதே. கடற்கரையில பிண்டம் வச்சுப் பலி போட்டோம். பலி போட்டா வாவுக்கு இலை வைக்காம இருக்க முடியுமா?"

"எத்தனை வருஷமா?"

"இருபது. முதல் வருஷம் வச்சது வச்சபடி இருந்துச்சு. ரெண்டாவது வருஷமும் அப்படித்தான். எங்களுக்குத்தான் தெரியுமே, வர்றதுக்கு ஆள் இல்லைன்னு."

குரல் இறங்கியது.

"மூணாவது வருஷம் இலை காலி."

"பூனையா இருக்கும்."

"ஜன்னல் இல்லாத அறை சிஸ்டரே. அப்பா இலை, அம்மா இலை எல்லாம் அப்படியே இருக்கு. அந்த ஒரு இலையை மட்டும் வழிச்சுத் தின்னு, மடிச்சு வச்சிருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷம்கூடத் தவறல." என் கையைப் பிடித்தாள். "இவ உயிரோடதான் இருக்கா. அப்ப, இவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுக்கு வந்தது யாரு?"

கையை உருவிக்கொண்டேன். ஆனாலும் நர்ஸ் வாய் சும்மா இருக்குமா? "அதெல்லாம் எனக்குத் தெரியாது. இந்த வீட்டுல இருக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. நீங்க செத்துட்டாங்கன்னு சொன்னதுக்காக அது போயிடாது" என்றேன்.

கூடத்துக்கு வந்தோம். புஷ்பஜா உள்ளறையின் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள். உத்தமன் தள்ளி ஒரு நாற்காலியில், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். மழை சட்டென்று நின்றது.

உள்ளே, தரையில் வாழையிலை இழுபடும் சத்தம்.

பிறகு மெல்லும் சத்தம். அவசரமில்லாமல், எலும்பு நொறுங்க.

புதிதாக வெட்டிய குழியின் ஈரமண் வாடை கதவிடுக்கில் வந்தது.

"உள்ள யாரு ஏட்டா?" என்றாள் புஷ்பஜா, அண்ணனைப் பார்த்து.

"யாருமில்ல."

"யாரோ சாப்பிடுறாங்க."

"யாருமில்லைன்னு சொல்றேன்ல!"

அவள் கதவை விரலால் மெல்லத் தட்டினாள். "யாரது?"

மெல்லுவது நின்றது.

"புஷ்பஜா" என்றது உள்ளேயிருந்து.

அவள் குரலேதான். மாத்திரை நாக்கைத் தடிக்கவைப்பதற்கு முந்தைய, இளம் குரல்.

உத்தமன் திடுக்கிடவில்லை. இன்றுவரை என்னால் மறக்க முடியாதது அதுதான். அவன் நிதானமாக என்னைத் திரும்பிப் பார்த்தான். "பாத்தீங்களா சிஸ்டரே? இவளுக்கு இன்னும் குரல் கேக்குது."

"சிஸ்டரே" புஷ்பஜா என் முந்தானையைப் பிடித்தாள். "உங்களுக்கும் கேட்டுச்சுல்ல? ஏட்டன்கிட்ட சொல்லுங்க. கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பயந்துவிட்டேன். உள்ளே இருந்ததற்குப் பயந்ததைவிட, அதைக் கேட்டேன் என்று ஆஸ்பத்திரித் தாளில் என் கையால் எழுதுவதற்குப் பயந்தேன். அப்படி எழுதியவளை மறுநாள் வார்டுக் கதவுக்கு எந்தப் பக்கம் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"வாங்க சேச்சி" என்றேன். "ஜீப்ல ஏறுங்க."

வழியெல்லாம் அவள் துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் தாளைப் பிரித்து எழுதினேன்: வீட்டுச் சூழலில் மீண்டும் குரல் கேட்பதாகக் கூறுகிறார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாத்திரையைக் கூட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து வாரியம் மறுபடி கூடியது. பட்டப்பகல், மேஜைமேல் டீயும் பழம்பொரியும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், டாக்டர், சேவை அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி. எதிரே புஷ்பஜா, தலை வாரி, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு.

"இப்பவும் ஏதாவது கேக்குதாம்மா?" என்றார் நீதிபதி, அன்பாகத்தான்.

"இப்ப இல்ல சார். அன்னிக்குக் கேட்டது எனக்கு மட்டும் இல்ல. சிஸ்டர் பக்கத்துல நின்னாங்க. அவங்க உண்மையைச் சொன்னா நான் வீட்டுக்குப் போயிடலாம்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். புஷ்பஜாவும் பார்த்தாள். சுக்குக்காப்பித் தம்ளரை நீட்டும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

"எனக்கு எதுவும் கேக்கல சார்" என்றேன்.

மின்விசிறி சுற்றியது.

"கேட்டுச்சு" என்றது கதவுக்கு வெளியேயிருந்து ஓர் இளம் குரல். வாய் நிறையச் சோற்றோடு. "சிஸ்டருக்கும் நல்லாவே கேட்டுச்சு."

நீதிபதியின் டீ கோப்பின்மேல் கொட்டியது. டாக்டரின் பேனா பாதி எழுத்தில் நின்றது. அந்தப் பெண்மணி கழுத்துச் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் கதவையே பார்த்தார்கள்.

புஷ்பஜா மட்டும் திரும்பவில்லை. எங்கள் நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் காத்திருந்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிபதி கைக்குட்டையால் டீயை ஒற்றியெடுத்தார். அவர் தலை நிமிரவில்லை.

"அப்ப, இவங்களுக்கு இன்னும் குரல் கேக்குதுன்னு எழுதிக்கலாமா டாக்டர்?"

"எழுதிக்கலாம் சார்."

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சியாக நானும் போட்டேன். புஷ்பஜா எழுந்து, யாரும் சொல்லாமலே வார்டுப் பக்கத்து வாசல் வழியாக உள்ளே போனாள். நாங்கள் நாலு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே போகிற கதவுக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு விரலாகச் சூப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது ஓயும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.