கபர் மேட்டில் சிக்னல்

பிற்பகலில் ஜெய்னெப் ஊர் இடுகாடான கபர் மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். விளிம்பில் நின்று, மண்ணுக்குள் இருப்பவர்களுக்காக ஒரு துஆ முணுமுணுத்து, உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு அதே கையில் போனை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தினாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஊர் செல்போன் கோபுரத்தில் பழைய ஆன்டெனாவை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் ஒரு தற்காலிகக் கம்பத்தை இந்த மேட்டில் நட்டிருந்தார்கள். ஊருக்குள் எந்த வீட்டிலும் சிக்னல் இல்லை. இங்கே மட்டும் இருந்தது.

"உசுரோட இருக்கிற நமக்கு ஒரு கோடு கிடையாது. இவங்களுக்கு நாலு கோடு" என்றாள் கடைக்கார அசிபா. "யார்கிட்டப் பேசப் போறாங்களாம்?"

"அக்கா, நான் கம்பம்தான் நட்டேன். இவங்களை நடலை" என்றான் ரினாத். தலைநகரிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன்.

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. பேசினா என் குரலே திரும்பி என் காதுல விழுதே, அதுக்கு என்ன சொல்றே?"

"எதிரொலிக்கா. புதுப் பெட்டி இன்னும் செட் ஆகலை. ஆயிடும்."

"முந்தாநாள் என் மகன் மாஸ்கோவுலேருந்து கேக்கறான், உன் பின்னாடி யாரும்மா இத்தனை பேர் பேசிட்டிருக்காங்க, கல்யாண வீடான்னு. அன்னைக்கு நான் மட்டும்தான்டா இங்க நின்னேன்."

கூட்டம் சிரித்தது. ரினாத் சிரிக்கவில்லை. கம்பத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கருவிப் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

ஜெய்னெப்புக்கும் சிரிப்பு வரவில்லை. காலையில் கணவாய்ப் பாதையின் பாலம் விழுந்துவிட்டது. ஆற்று வெள்ளம் ஒரு தூணை அடித்துப் போயிருந்தது. இந்தப் பக்கம் கல் அடுக்கித் தடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போய்த் தடுக்க வழியில்லை. அவள் கணவன் எர்மெக் ரஷ்யாவிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தான். இருட்டுவதற்குள் மலைக்கு அப்பால் பாதை பிரியும் இடத்துக்கு வந்துவிடுவான். வலப்பக்கம் ஏரியைச் சுற்றி வரும் நீளப் பாதை. இடப்பக்கம் கணவாய். வீட்டுக்கு வரும் அவசரத்தில் அவன் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவான்.

காலையிலிருந்து அனுப்பிய செய்திகள் எதுவும் போகவில்லை.

மேட்டின் ஓரத்தில் புதிய கபர் ஒன்று இருந்தது. அவளுடைய மாமனாருடையது. வசந்த காலத்தில் இறந்தார். செய்தி எர்மெக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஒரு பிடி மண் போட மூத்த மகன் இல்லை. கல்லில் ஷார்ஷென் என்று வெட்டியிருந்தார்கள். ஜெய்னெப் அந்தப் பெயரைப் படிப்பாள். சொல்ல மாட்டாள். இங்கே எந்த மருமகளும் மாமனார் பெயரைச் சொல்வதில்லை. அவரவர் ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். அவர் ஒரு சாம்பல் நிறக் குதிரை வைத்திருந்தார். அவளுக்கு அவர் சாம்பல் குதிரைக்காரர். இறந்த பிறகும் அப்படித்தான்.

அவள் அழைத்தாள். மணி போகவில்லை. மறுபடி அழைத்தாள். ஒரு மணி போய் அறுந்தது.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தாள். அது மட்டும் உடனே கிடைத்தது. மேம்பாட்டுப் பணி நடப்பதாகவும், சிரமத்துக்கு வருந்துவதாகவும் ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது.

வெயில் மலைக்குப் பின்னால் போனது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது. ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"வாடி, போகலாம்" என்றாள் அசிபா. "இந்த நேரத்துல இங்க நிக்கக் கூடாது."

"நீங்க போங்கக்கா. ஒரு தடவை கிடைச்சாப் போதும்."

அசிபா தன் கம்பளிச் சால்வையை அவள் தோளில் போட்டுவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மூடுபனி கபர்கள்மேல் எழுப்பிய சிறிய மண் கோபுரங்களை ஒவ்வொன்றாக மறைத்தது. ஈர மண்ணின் வாசனை. கம்பத்தில் ஏதோ ஒன்று மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினாள். சால்வையின் நுனி காற்றில் ஆடியது, அவ்வளவுதான்.

அழைத்தாள். மணி போனது. யாரோ எடுத்தார்கள்.

"எர்மெக்! கேக்குதா?"

கேக்குதா, என்று அவள் குரலே திரும்பி வந்தது.

"கணவாய்ப் பாதையில வராதீங்க."

வராதீங்க.

"பாலம் விழுந்துடுச்சு. ஏரிப் பக்கமா வாங்க. கேக்குதா?"

மறுமுனையில் கார் இஞ்சினின் சத்தம் கேட்டது. அவன் அங்கே இருக்கிறான்.

பாலம் விழுந்துடுச்சு, என்றது எதிரொலி.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

பிறகு, அவள் எதுவும் பேசாதபோது, அது மறுபடி பேசியது.

"பாலம் நல்லா இருக்கு."

அவள் குரல். இரண்டு நாளாய்ச் சளி பிடித்திருந்த கரகரப்புகூட அவளுடையது.

"கணவாய்ப் பாதையில வாங்க. சீக்கிரம் வாங்க."

"இல்ல!" என்று கத்தினாள். "எர்மெக், அது நானில்ல!"

கத்தல் திரும்பி வரவில்லை. எங்கோ உள்ளே போய்விட்டது.

"வாங்க" என்றது அவள் குரல், கொஞ்சலாக. "ஷார்ஷென் காத்துட்டிருக்கார்."

தொடர்பு அறுந்தது.

திரையில் ஒரு கோடுகூட இல்லை.

அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டு, கதவைத் திறந்தே வைத்து, பாதையைப் பார்த்து உட்கார்ந்தாள். கணவாய்ப் பக்கம் கறுப்பாக இருந்தது. அங்கே வெளிச்சம் தெரிந்துவிடக் கூடாது என்று வேண்டினாள். பிறகு, எங்காவது ஒரு வெளிச்சம் தெரிய வேண்டும் என்று வேண்டினாள்.

வெகுநேரம் கழித்து ஏரிப் பக்கத்திலிருந்து இரண்டு விளக்குகள் ஊர்ந்து வந்தன.

எர்மெக் காரை நிறுத்தினான். இறங்கவில்லை. அவள் ஓடிப் போய்க் கதவைத் திறந்தபோதும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"நீ கூப்பிட்டே" என்றான். "பாலம் நல்லா இருக்கு, வாங்கன்னே. இடப்பக்கம் திரும்பிட்டேன். அப்புறம் அப்பா பேரைச் சொன்னே."

"நான் சொல்லலை."

"தெரியும். கழுத்துல கத்தி வச்சாலும் நீ சொல்ல மாட்டே. பிரேக்கை மிதிச்சு வண்டியைத் திருப்பிட்டேன். யாருடி அது?"

அவள் நெருங்கி நின்றாள். அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அன்று இரவே இருவரும் வாணலியில் எண்ணெய் காயவைத்துப் போர்சோக் என்னும் மாவுத் துண்டுகளைப் பொரித்தார்கள். இறந்தவர்களுக்கு அந்த வாசனை போய்ச் சேரும். அதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது.

காலையில் எர்மெக் தனியாக மேட்டுக்குப் போய் அப்பாவின் கபர்மேல் ஒரு பிடி மண் போட்டான். அழுதான். மனம் லேசானது. லேசான மனதோடு அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டான்.

ரொட்டியோடு மேட்டுக்கு ஏறிவந்த ஜெய்னெப்புக்குக் கடைசிப் பகுதிதான் காதில் விழுந்தது.

"அட, உங்க அண்ணியால நான் பொழைச்சேன்டா. அவ அப்பா பேரையே சொல்ல மாட்டாளே. சாம்பல் குதிரைக்காரர்னுதான் சொல்வா. இல்லேன்னா நான் எப்படிக் கண்டுபிடிச்சிருப்பேன்?"

அவள் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். தொடர்பு ஏற்கெனவே அறுந்திருந்தது. கம்பம் ரீங்கரித்தது.

"இங்க நின்னுக்கிட்டா இதைச் சொல்றீங்க?"

"தம்பிகிட்டதானே சொன்னேன்."

அவள் கபர்களைப் பார்த்தாள். அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போனாள்.

அந்த வாரமே வேலை முடிந்தது. ரினாத் கம்பத்தைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினான். ஊர் முழுக்கச் சிக்னல். அசிபா கடையில் உட்கார்ந்தபடியே மகனின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். எதிரொலி இல்லை. பின்னால் யாருடைய பேச்சும் இல்லை.

"பாத்தியா, பயந்தியே" என்றான் எர்மெக். மறுநாள் அவன் நகரத்துக்குக் கிளம்ப வேண்டும். பாலத்தில் மரப் பலகை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் சரியாகவில்லை என்றும் சொன்னார்கள்.

"ஏரிப் பக்கமாவே போங்க. நான் போன்ல எது சொன்னாலும் கேக்காதீங்க."

"நேர்ல சொன்னாலே கேக்க மாட்டேன். போன்லயா கேக்கப் போறேன்?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. தேநீரை ஊற்றினாள். பகல் வெளிச்சம் மேசைமேல் விழுந்திருந்தது.

மேசையில் கிடந்த அவன் போன் அதிர்ந்தது.

திரையில் அவள் பெயர்.

அவளுடைய போன் ஜன்னல் ஓரத்தில், திரை அணைந்து கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். எர்மெக் ஒரு விரலால் ஸ்பீக்கரைத் தொட்டான்.

"எங்க இருக்கீங்க?" என்றது ஜெய்னெப்பின் குரல். தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல. "நாளைக்குக் கணவாய்ப் பாதையில போங்க. பலகை போட்டாச்சு. சாம்பல் குதிரைக்காரர் காத்துட்டிருக்கார்."

எர்மெக்கின் முகம் வெளுத்தது. பேச வாயெடுத்தான். ஜெய்னெப் அவன் வாயைப் பொத்தினாள். கையின் கீழே அவன் மூச்சு சூடாக அடித்தது.

போனில் காற்று மட்டும்.

பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க? பக்கத்துல யார் இருக்கா?"