ஸ்டோர் ரூமில் களக்... களக்...!

ட்ரிங்ங்ங்... ட்ரிங்ங்ங்...!

ஸ்டேஷன் போனை ஏட்டு எடுத்தார்.

"ஐயோ சார்! என் வீட்டு ஸ்டோர் ரூம்ல யாரையோ தண்ணியில அமுக்கிக் கொல்றாங்க! களக் களக்னு சத்தம்! கதவு உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருக்கு... இடுக்குல புகை வேற வருது!"

"தண்ணியில அமுக்கினா புகை எப்படி சார் வரும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிடறேன்!"

பக்கத்து மேஜையில் இன்ஸ்பெக்டர் செல்போனில் மனைவியோடு மல்லுக்கு நின்றார்.

"மத்தியானச் சாப்பாடு இன்னும் வரலையே?"

"யோகா கிளாஸ்ல இருக்கேங்க... மூச்சுப் பயிற்சி... உள்ளே இழுத்து வெளியே விடணும்... வச்சிடறேன்!"

"எப்பப் பாரு மூச்சுப் பயிற்சி!" என்று முணுமுணுத்தபடி காலி வயிற்றோடு எழுந்தார் இன்ஸ்பெக்டர்.

ஜீப் பறந்தது.

வாசலில் வீட்டுக்காரர், கையில் கிரிக்கெட் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார். ஏட்டு தோளால் ஒரு மோது மோதினார். ஸ்டோர் ரூம் கதவு பிளந்தது.

உள்ளே... ஆளே இல்லை!

ஜன்னல் 'ஆ'வென்று திறந்து கிடந்தது. மூலையில் ஒரு பழைய பீரோ. நடுவில் இரண்டு குழாய்களோடு பளபளவென்று ஒரு ஹூக்கா! அதன் தலையில் கரி இன்னும் கனன்றது.

"பிணம் எங்க சார்?" வீட்டுக்காரருக்கு ஏமாற்றம்.

"பிணமெல்லாம் இல்ல. யாரோ ஹூக்கா இழுத்திருக்காங்க. களக் களக்னது இந்தத் தண்ணிதான்."

வீட்டுக்காரர் முகம் சிவந்தது.

"டேய்ய்ய்!"

மாடியிலிருந்து மகன் ஹெட்போனோடு இறங்கி வந்தான்.

"காலேஜ் பசங்க எல்லாம் இந்தக் கருமத்தைத்தான் இழுக்கறீங்களாமே! பெட்டியைக் கட்டு. இன்னிக்கே வெளியே போ!"

"சத்தியமா நான் இல்லப்பா! அடுத்த வாரம் பரீட்சை. எங்கப்பா போவேன்?"

"எங்கேயோ போ! புகையோட புகையாப் போ!"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது காய்கறிப் பையோடு வீட்டுக்காரரின் மனைவி உள்ளே வந்தாள். ஹூக்காவைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். கடைசியாக ஏட்டின் காலைப் பார்த்தாள்.

"யாரு ஷூவோட உள்ளே வந்தது?"

கேட்டுக்கொண்டே ஒரு துணியை எடுத்து ஜன்னல் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா! கைரேகை...!" ஏட்டு அலறினார்.

"கையழுக்கும்தான் இருக்கு!"

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். பிறகு மாடிக்குப் போய் மகனின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்தபடி திரும்பினார்.

"சார், உங்க பையன் நிரபராதி!"

"எப்படிச் சொல்றீங்க?"

"அவன் காபி டம்ளர்ல பூஞ்சை முளைச்சிருக்கு. ஆனா இந்த ஹூக்காவுல வடிகட்டின தண்ணி. குழாயை பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. அதுகூடப் பரவாயில்லை... அங்க பாருங்க!"

ஜன்னலோரம் ஒரு தட்டு. தட்டில் வரிசையாகக் கரித்துண்டுகள்... ஈரத்தோடு!

"கரியைக் கழுவிக் காயப் போட்டிருக்காங்க சார்! இந்த வீட்டுல கரியைக் கழுவற ஆள் யாரு?"

அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

காய்கறிப் பை நழுவி விழுந்தது. உள்ளே ஒரு கத்தரிக்காய்கூட இல்லை!

"நான்தாங்க..." அவள் அழுதுவிட்டாள். "சிகரெட்னாலே எனக்குக் குமட்டும். இது தண்ணியில கழுவி வர்ற புகை, ரொம்ப சுத்தம்னு சொன்னாங்க. உங்க சத்தம் கேட்டதும் ஜன்னல் வழியா குதிச்சிட்டேன். புள்ளையை வெளியே போகச் சொன்னது வாசல்லயே கேட்டுச்சு. அப்பவே சொல்லியிருக்கணும்... பயத்துல வாயே வரலை. மன்னிச்சிடுடா கண்ணா!"

"தண்ணி புகையை ஆற வைக்கும்மா, கழுவாது. விஷமெல்லாம் அப்படியே நெஞ்சுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னது... நெஞ்சுக்குள்ள அழுக்கா? அங்க எப்படிங்க துடைப்பேன்!"

வீட்டுக்காரர் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சின்னப் பசங்க பழக்கம்னுல்ல நினைச்சேன்!"

"அதெல்லாம் பழைய கதை சார்," என்றார் ஏட்டு. "புதினா, ஸ்ட்ராபெரின்னு வாசனை காட்டி இப்ப யாரை வேணா இழுக்க வச்சிடறாங்க."

மகன் மூக்கை உறிஞ்சினான்.

"அப்பா, பெட்டி யாருக்குக் கட்டணும்?"

"போய்ப் படிடா!"

இன்ஸ்பெக்டர் திடீரென்று நிமிர்ந்தார்.

"குழாய் ரெண்டு இருக்கே... இன்னொரு ஆள் எங்கம்மா?"

"அவங்களுக்குக் குதிக்க வரலைங்க..."

"லொக்!"

பீரோ இருமியது!

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினார்.

"வெளியே வா! இல்லைன்னா சுட்டுடுவேன்!"

க்ரீச்ச்ச்...

முதலில் புகை வந்தது. அடுத்துச் சாப்பாட்டுக் கேரியர் வந்தது. அதைப் பிடித்தபடி வந்தது... இன்ஸ்பெக்டரின் மனைவி!

"சாப்பாடு... கொண்டு வரத்தாங்க கிளம்பினேன்..."

இன்ஸ்பெக்டரின் துப்பாக்கி தானாகத் தாழ்ந்தது.

ஏட்டு கேரியரை வாங்கிக்கொண்டு பவ்யமாகச் சொன்னார்.

"அம்மா பொய் சொல்லலை சார்... உள்ளே இழுத்து, வெளியேதான் விட்டிருக்காங்க!"