ராமாயிக்கு வைத்த கண்

கம்ப்யூட்டர் மேல் டீயைக் கொட்டியது நாகராஜன்தான். பழியைப் போட வீட்டில் ஒரு பூனைகூட இல்லை. வலது கையில் மவுஸ், இடது கையில் டம்ளர், காதுக்கும் தோளுக்கும் நடுவே போன் என்று மூன்று ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்க்கப்போய், போனில் பேசியவனுக்குத் தலையை ஆட்டும்போது டம்ளரையும் சேர்த்து ஆட்டிவிட்டான். இஞ்சி தட்டிப் போட்ட டீ, அரை டம்ளர், சிபியுவின் மண்டையில் இருந்த காற்றுத் துளைகள் வழியாக நிதானமாக உள்ளே இறங்கியது. பதற்றத்தில் கைக்குக் கிடைத்த பட்டன்களைத் தட்டி வேலையைச் சேமித்தான். மனைவி விஜயகுமாரி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்ப்பதற்குள் பனியனைக் கழற்றித் துடைத்து, அதை மறுபடி மாட்டிக்கொண்டும் விட்டான். அன்று முழுக்க அவன்மேல் இஞ்சி மணந்தது.

அது நடந்து ஐந்து நாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டருக்கு நடை தளர்ந்துவிட்டது. மவுஸைத் தள்ளினால் அம்புக்குறி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வந்தால், அப்போதுதான் அந்த எழுத்து திரையில் வந்து உட்கார்ந்திருக்கும். செலியமேட்டில் வீட்டு முன்னறையிலேயே பேனர் டிசைன் செய்து பிழைப்பவன் நாகராஜன். காதணி விழாவோ கண்ணீர் அஞ்சலியோ, எல்லாரையும் ஒரே ரோஜாப்பூ பார்டருக்குள் அடக்கிவிடும் திறமைசாலி. அந்தத் திறமை ஐந்து நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

இன்று மத்தியானத்திலிருந்து மழை. கார்த்திகை மழை அடித்துப் பெய்யாது; சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் உறவுக்காரரைப் போலச் சிமெண்ட் ஷீட் கூரைமேல் ஒரே சீராகப் பேசிக்கொண்டிருக்கும். நாலு மணிக்கே முன்னறை இருட்டிவிட்டது. விஜயா சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு உள்ளறைக்குப் படுக்கப் போனாள். பகலில் தலை சாய்க்காதவள் இந்த ஐந்து நாளாகத்தான் இப்படி. கண்ணோரம் சிவந்து, சும்மா சும்மா நீர் வடிந்துகொண்டிருந்தது.

"கண்ணுக்கு இன்னா விஜயா?" என்று இன்றும் கேட்டான்.

"பன்னெண்டு வருஷமா உன் மூஞ்சியயே பாக்கறன். கண்ணு தேஞ்சி பூட்டுது, வேற இன்னா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். நேற்றுக் கேட்டதற்கு வெங்காயம் என்றாள். முந்தாநாள் கொசு. அவளிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதிலை நேராக வாங்கியதாக அவனுக்கு நினைவே இல்லை. அதற்காகவே அவளைக் கட்டிக்கொண்டதாகவும் ஒரு நினைவு.

வில்லியனூர் மரியதாஸைப் போனில் பிடித்தான். கம்ப்யூட்டரைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். தண்ணி கிண்ணி பட்டுதா என்று முதல் கேள்வியே கேட்டார். இல்லவே இல்லை என்றான் நாகராஜன். அப்படியானால் கழற்றித் தூசி தட்டு, மெமரி கார்டை உருவி அதன் பித்தளைப் பல்லை அழிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டு, அதற்கும் சரிவராவிட்டால் எது கம்ப்யூட்டரைத் தின்கிறது என்று ஓடும் சாப்ட்வேர்களின் பட்டியலைத் திறந்து பார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

திருகாணிகளைக் கழற்றிப் பக்கவாட்டுத் தகட்டை எடுத்ததும் மண் வாசனை வந்தது. மழை வாசனை அல்ல. தோண்டிய குழியின் வாசனை, அடியிலிருந்து புரட்டிப்போட்ட மண்ணின் குளிர்ந்த வாசனை. டீக்கறையைத் தேடினான், ஒரு சொட்டுகூட இல்லை. அது காய்ந்திருக்க வேண்டிய இடத்தில், விசிறிக்குக் கீழே, கைப்பிடி அளவுக்குச் செம்மண் ஈரமாக அப்பியிருந்தது. குளவி கூடு கட்டியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்பூனால் சுரண்டினான். மண்ணுக்குள்ளிருந்து இரண்டு அரிசி வந்தது. பச்சரிசி, ஊறிப் பருத்தது. குளவி அரிசி தின்னுமா என்று மரியதாஸைக் கேட்கலாமா என யோசித்து, கேட்டால் ஊர் முழுக்கச் சொல்வார் என்று விட்டுவிட்டான்.

ரப்பரால் தேய்த்து மாட்டி ஓட்டினான். மாற்றமில்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. விசிறி, மூச்சிரைக்கும் கிழவியைப் போல இழுத்து இழுத்துச் சுற்றியது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. காலையில் விஜயா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் நன்றாகத்தானே ஓடியது? நேற்றும் அவள் படுத்த பிறகுதானே படுத்தது? முட்டாள்தனமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளறை வாசலில் போய் நின்று கூப்பிட்டான். அவள் கண்ணைத் திறந்து "இன்னாயா?" என்றாள். ஒண்ணுமில்லை என்று திரும்பி வந்தான். விசிறி அடங்கியிருந்தது. அம்புக்குறி மீன்குஞ்சாகத் துள்ளியது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பிறகு விளக்கு சிவந்து, விசிறி மறுபடி இழுக்கத் தொடங்கியது. எழுந்து போய் எட்டிப்பார்த்தான். விஜயாவின் கண்கள் மூடியிருந்தன.

வந்து உட்கார்ந்து, மரியதாஸ் சொன்ன பட்டியலைத் திறந்தான். படம் திருத்தும் சாப்ட்வேர் ஒன்றே மொத்தத்தையும் தின்றுகொண்டிருந்தது. அதை அவன் இன்று திறக்கவேயில்லை. அதற்குள் ஒரு பைல் திறந்துகிடந்தது. ராமாயி.

ராமாயி இரண்டு தெரு தள்ளி இருந்தவள். நாற்று நடவும் களை எடுக்கவும் போவாள். போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கென்று இருந்த ஒரே படம் ஆதார் அட்டையில் இருந்தது; அதைப் பெரிதாக்கினால் அவள் மகன் இருசப்பனுக்கே அடையாளம் தெரியவில்லை. மாலை போட்டு உட்கார வைத்த பிறகு போனில் எடுத்த படத்தைத்தான் அனுப்பினான். கண் மூடியிருந்தது. அதிலொன்றும் புதுமை இல்லை. படமில்லாமல் போகிறவர்களுக்கு வேறொருவர் கண்ணை எடுத்து ஒட்டித் திறந்துவிடுவது நாகராஜனுக்குப் பழக்கம்தான். அதற்கென்றே பத்துப் பன்னிரண்டு ஜோடி சேர்த்து வைத்திருக்கிறான். எதுவும் ராமாயிக்குப் பொருந்தவில்லை.

"எங்கம்மா என்னப் பாக்கற மாதிரி இருக்கணும்ணா," என்று இருசப்பன் போனில் அழுதான். யாராவது அழுதால் நாகராஜனுக்குக் கை நிற்காது. தனக்குத் தெரிந்த கண்களிலேயே நல்ல கண்ணைத் தேடினான். தன் கல்யாணப் படத்தைத் திறந்து விஜயாவின் கண்களை எடுத்து, சுருக்கம் சேர்த்து, அந்தம்மாவுக்கு வைத்தான். அந்த நேரத்தில்தான் டீ கொட்டியது. பேனர் முச்சந்தியில் கட்டியாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் உயிரோட்டமாக இருப்பதாகச் சொன்னார்கள். அது யாருடைய கண் என்று விஜயாவிடம்கூட அவன் சொல்லவில்லை.

பைலைத் திரைக்குக் கொண்டுவந்தான். ஒரு படத்தைக் கண்ணாடித் தாள்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் செய்வது. ராமாயிக்கு அவன் அடுக்கியது ஏழு தாள். இப்போது ஆயிரத்து முந்நூற்று நாற்பது இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தொன்று ஆனது.

புதிய தாள்களில் முதலில் வந்தவை கறுப்பாக இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தைக் கூட்டினான். நூல். குறுக்கும் நெடுக்குமாக, கண்ணை ஒட்டிக்கொண்டு, ஒரு துணியின் நெசவு. கோடித்துணி. அடுத்த தாளிலும் அதுவே, ஓரத்தில் ஈரம் ஏறியிருந்தது. நூறு தாள் தள்ளி எடுத்தான். துணி கிழிந்திருந்தது. மண். மண்ணுக்குள் ஒரு வேர். இன்னும் தள்ளி எடுத்தான். விரல்கள். நகமில்லாத விரல்கள்.

ஏதாவது தமாஷாக நினைத்துக்கொள்ளப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

ஆயிரத்து இருநூற்றுக்கு மேல் வெளிச்சம் கூட்ட வேண்டியிருக்கவில்லை. சாம்பல் நிற வானம். மேலேயிருந்து நேராகக் கண்ணுக்குள் விழும் மழைத்துளிகள். இடுகாட்டு வேலிமுள். வாய்க்கால் மதகு. சாலை. கடைசித் தாளில் முச்சந்தி. மழையில் தொங்கும் பேனர், கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தது போல. ரோஜாப்பூ பார்டருக்குள் ராமாயி.

தன் படத்தைத் தானே நின்று பார்த்திருக்கிறாள்.

முச்சந்தியிலிருந்து இந்த வீட்டுக்கு ஐம்பது அடி.

கல்யாணப் படத்தைத் திறந்தான். ஏன் திறந்தான் என்று தெரியாது. பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, பக்கத்தில் எலும்பும் தோலுமாக அவன். அன்றைக்குப் போன் பேசிக்கொண்டே செய்ததில் அவன் நகல் எடுக்கவில்லை. வெட்டி எடுத்திருக்கிறான். வெட்டி, டீ கொட்டிய பதற்றத்தில் அதைச் சேமித்தும் இருக்கிறான். வெட்டிய இடத்தில் வெள்ளையாக இரண்டு ஓட்டை இருக்க வேண்டும்.

ஓட்டை இல்லை. மாலையும் கழுத்துமாக, விஜயா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

திருப்பி வைத்துவிட வேண்டும். எடுத்ததை எடுத்த இடத்தில். அவ்வளவுதான். ராமாயியின் முகத்திலிருந்து கண்களை வெட்டினான். கல்யாணப் படத்துக்கு வந்து ஒட்டச் சொன்னான். நீல வளையம் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றியது. சுற்றியது.

கரண்ட் போனது.

யூபிஎஸ் கத்தியது. கூரைமேல் மழையும் அறைக்குள் அந்தக் கத்தலும், நடுவே திரை மட்டும் நீலமாக எரிந்தது. அது பத்து நிமிடம் தாங்கும், பழைய பேட்டரி, ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம். விஜயாவின் கண்கள் இப்போது ராமாயியிடமும் இல்லை, கல்யாணப் படத்திலும் இல்லை. நடுவழியில், கம்ப்யூட்டரின் கைக்குள் இருந்தன. மின்சாரம் நின்றால் அந்தக் கையில் இருப்பது எதுவும் மிஞ்சாது. அது அவனுக்குத் தெரியும். எத்தனை பேனர் அப்படிப் போயிருக்கிறது.

வளையம் சுற்றியது. மெதுவாக. இன்னும் மெதுவாக.

அவள் விழித்தால் வேகமாகும். எழுப்ப வேண்டும்.

ஓடினான். வாசற்படியில் கால் இடறியது. உள்ளறையில் மண் வாசனை. விஜயா மல்லாந்து படுத்திருந்தாள், கைகள் இரண்டும் பக்கத்தில் நீட்டி, யாரோ ஒழுங்காகப் படுக்க வைத்தது போல. தோளைப் பிடித்து உலுக்கினான்.

"விஜயா, கண்ணத் தொற."

"தொறந்துதான்யா இருக்கறன்," என்றாள்.

இமைகள் மூடியிருந்தன. ஒட்டியிருந்தன. உள்ளே விழிகள் இடமும் வலமும் ஓடுவது மேலாகத் தெரிந்தது. நடக்கிறவளின் கண் வழியைப் பார்ப்பது போல.

முன்னறையில் யூபிஎஸ்ஸின் கத்தல் நீண்டது. ஒரே இழுப்பு.

"இன்னாடி தெரியுது? வெளாட்டு வாணாம். நெசமா சொல்லு."

நின்றது. விசிறி நின்றது. திரையின் நீலம் போனது. மழையும் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டது போல இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. கேலி பேசவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னாள்.

"நம்ப வூட்டுக் கதவு தெரியுது. வெளியேர்ந்து. நீ தாழ்ப்பா போடல."