மூன்றாவது வேண்டாம்

நிலாக் குடியிருப்பில் முந்நூறு தமிழர்கள் அரை வயிற்றோடு அலைந்தார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, உணவுப்பொறிக்குத்தான் உபசாரம் தெரியவில்லை.

"இன்னும் ரெண்டு இட்லி?" என்று கேட்கும். "ஐயோ, வேண்டாம்" என்பார்கள். அவ்வளவுதான், மூடியைப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடும்.

"ஏனுங் பொற்கொடி, இதை மட்டும் சரி பண்ணிப்போட்டு, சாயங்கால விண்ணோடத்துல ஊருக்குக் கிளம்பிடுங்க" என்றார் மேலாளர் கந்தப்பன்.

பொற்கொடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊரிலிருக்கும் கணவன் ஆதவனைப் பதினோரு மாதமாகத் திரையில் மட்டுமே பார்த்துவந்தாள்.

குடியிருப்பில் மனிதர்களும் பொறிகளும் சொல்வதையெல்லாம் வாங்கி உரிய இடத்துக்குக் கடத்துவது இணைப்பான். நூறு வயது தாண்டிய ஜாவா என்ற கணினி மொழியில்தான் அது இன்னமும் ஓடியது. மாற்ற யாருக்கும் தைரியமில்லை. அதில் பொற்கொடி ஒரு வடிகட்டியை எழுதிச் செருகினாள். 'உண்மை' என்று அது சொன்னால் செய்தி போகும். 'பொய்' என்றால் அங்கேயே விழுங்கப்படும். ஒருவர் சொல்லும் முதல் இரண்டு 'வேண்டாம்' பொய், மூன்றாவதுதான் உண்மை. பதில் வராத பொறி மறுபடி கேட்டுத்தானே ஆகவேண்டும்?

மதியப் பந்தி களைகட்டியது. "சரி, இவ்வளவு சொல்றே... ஒண்ணு வை!" என்று பொறியிடம் தட்டை நீட்டினார்கள்.

பெட்டி கட்டும்போது கந்தப்பனிடமிருந்து செய்தி வந்தது: "இன்னும் ஒரு வருஷம் இருக்கறீங்களா?"

"வேண்டாம் சார்" என்று அனுப்பினாள்.

அதே கேள்வி மறுபடி வந்தது. அதே பதிலை அனுப்பினாள். மூன்றாம் முறையும் கேள்வி வந்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டாள். 'உணவுப்பொறிக்கு மட்டும்' என்று ஒரு வரி எழுத மறந்திருந்தாள்! சிரித்தபடியே மூன்றாவது 'வேண்டாம்' அனுப்பிவிட்டு ஓடத்துறைக்கு ஓடினாள்.

வாசலில் கந்தப்பன், கையில் மைசூர்பாகு.

"உங்க இருக்கையை ரத்து பண்ணிட்டேனுங்க!"

"சார்! வேண்டாம்னு அனுப்பினேனே!"

"வந்துச்சுங்க. மூணு தடவை கேட்டதுக்கு ஒரே ஒரு வேண்டாம். ஒருக்கா சொன்னா அது உபசாரத்துக்குன்னு பொறிக்கே பாடம் எடுத்தது நீங்கதானுங்களே?"

"வேண்டாம் சார்! வேண்டாம்!"

கந்தப்பன் விரல்விட்டு எண்ணினார். முகம் மாறியது.

"அட, நெசமாலுமே வேண்டாங்களா?"

அவருக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், ஓடம் ஒரு புள்ளியாகிக்கொண்டிருந்தது.