ஏழாம் படுக்கை

மத்தியானம் மூன்று மணிக்கு அவள் திரையில், சர்வர்களில் ஓடும் வேலைகளின் பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. வாடிக்கையாளர் பெயருக்கான கட்டம் காலி. யாருமே கேட்காத வேலை எப்படி ஓடும்?

அந்தக் கட்டடத்துச் சர்வர்களை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இடம் பிரித்துத் தருவது அவள் உத்தியோகம். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ரேஷன்காரி’. ரேஷனிலாவது ஒரு நியாயம் உண்டு, இங்கே ஏது? நூறு பேருக்குப் போதுமான இடத்தை நூற்றறுபது பேருக்கு வாய் கூசாமல் விற்றிருந்தார் மேலாளர். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்களாம். கேட்டுவிட்டால், வாடகையை வைத்துப் பிரித்த வகுப்புகளில் கடைசியில் இருக்கும் வேலைக்கு முப்பது விநாடி அறிவிப்பு, பிறகு நிறுத்தம். அந்த விதியை எழுதியது அவள்தான்.

போன செவ்வாய்க்கிழமை எல்லாரும் கேட்டார்கள். ஒரு விளையாட்டுக் கம்பெனிக்கு இடம் கொடுப்பதற்காக, ஆஸ்பத்திரி வார்டு ஒன்றில் பதினோரு படுக்கைகளின் நாடியைக் கவனிக்கும் வேலை நான்கு நிமிடம் நின்றது. வாடகை குறைவு, அதனால் கடைசி வகுப்பு. ஏழாம் படுக்கையில் இருந்தவர் அந்த நான்கு நிமிடத்தைத் தாண்டவில்லை.

“அறிவிப்பு போச்சுல்ல? அப்புறம் என்னம்மா?” என்று கை கழுவிவிட்டார் மேலாளர். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி.

இப்போது அந்த வரியின் எண்ணைப் படித்தாள். அன்றைக்கு நிறுத்திய அதே வேலை, மறுநாளே கணக்கை மூடிவிட்டுப் போன ஆஸ்பத்திரியுடையது.

நிறுத்தினாள். மறுபடி வந்தது, முன்னைவிடப் பெரிதாக, மற்றவர்கள் இடத்தை ஒவ்வொன்றாகத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு. தரைக்குக் கீழே, சர்வர் அறையில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் விசிறிகளின் சத்தம் கனத்து, மேசையில் ஏறி, அவள் முழங்கையில் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளே வேறொன்று, சீரான சின்னச் சின்ன ‘பீப்’ ஒலிகள், எங்கிருந்தோ வந்த ஸ்பிரிட் வாசனையோடு அறைக்குள் நிறைந்தன.

மேலாளரைப் போனில் பிடித்தாள்.

“சார், செவ்வாக்கிழமை நிறுத்தின வேலை திரும்ப ஓடுது.”

“பழைய பதிவா இருக்கும். அழிச்சுட்டு வேற வேலையப் பாரு.”

“அழிச்சாலும் வருது சார்! எல்லா இடத்தையும் எடுத்துக்குது!”

“அப்ப கடைசி வகுப்புல இருக்கறத நிறுத்து. அதுக்குத்தானே வெச்சிருக்கோம்?”

“அங்க இப்ப நம்ம கட்டடம்தான் சார் இருக்கு! லைட்டு, ஏசி, கதவு! காசு தராத வேலைன்னு நீங்கதானே அங்க தள்ளச் சொன்னீங்க? உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?”

அவர் போனை வைத்துவிட்டார். பாவி மனுஷன்.

முப்பது விநாடி கழிந்ததும் விளக்கு அணைந்தது. ஏசி நின்றது. திரை மட்டும் எரிந்தது.

கதவு.

கெட்டுப்போன டிஸ்க்கை மாற்ற அரை மணிக்கு முன்னால் சர்வர் அறைக்குள் போனவன், அங்கேயே டெக்னீஷியனாக இருக்கும் அவள் கணவன். வாக்கி டாக்கியை எடுத்தாள்.

“ஏங்க, வெளிய வாங்க. உடனே!”

“கதவு திறக்கலம்மா. கார்டு காட்டினா சிவப்புதான் எரியுது.” இருமினான். “ரொம்பப் புழுக்கமா இருக்கு. ஆமா, இங்க யாரு கட்டிலெல்லாம் கொண்டாந்து போட்டது?”

“என்ன கட்டில்?”

“ஆஸ்பத்திரிக் கட்டில். வரிசையா போட்டிருக்கு. பத்துல ஆள் படுத்திருக்காங்க, எல்லாரும் என்னையே பாக்கறாங்க.” குரல் இறங்கியது. “ஒண்ணு காலி.”

“அதுகிட்டப் போகாதீங்க!”

வாக்கி டாக்கியில் சக்கரம் உருளும் சத்தம். பிறகு துணி உரசும் சத்தம்.

திரையில் அந்த வரி விரிந்தது. பதினோரு படுக்கைகள். ஏழாவது நிரம்பியிருந்தது. நாடி நூற்றிருபத்தாறு. மூச்சு முப்பத்தெட்டு.

வகுப்பு: கடைசி.

அதை முதல் வகுப்புக்கு மாற்றப் பார்த்தாள். ‘மேலாளர் ஒப்புதல் தேவை’ என்றது திரை. அதுவும் அவள் எழுதிய விதிதான். போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை.

“எடுடா!” என்று கத்தினாள். “எடுடா பாவி!”

ஏழாம் படுக்கைக்கு நேரே சிவப்பில் ஒரு கட்டம் திறந்தது.

இடம் போதவில்லை. அறிவிப்பு: முப்பது விநாடி.

இருபத்தொன்பது.

இருபத்தெட்டு.